பட்டயம் தேடும் ஊர்

போடிநாயக்கனூரில் விடிவதற்கு முன்பே ஜீப்புகள் உறுமத் தொடங்கிவிடுகின்றன. ஒவ்வொன்றிலும் நெருக்கியடித்துக்கொண்டு பெண்கள். தலையில் துண்டு, மடியில் தூக்குச்சட்டி. முந்தலைத் தாண்டி, 17 கொண்டை ஊசி வளைவுகளில் ஏறி, போடிமெட்டுச் சோதனைச் சாவடியில் மாநிலம் மாறி, ஏலத் தோட்டங்களில் வேலை பார்த்துவிட்டு, மாலையில் அதே ஜீப்பில் தமிழ்நாட்டுக்குத் திரும்பிவிடுவார்கள். உழைப்பு ஒரு மாநிலத்தில், உலை ஒரு மாநிலத்தில். இந்த மலையின் கணக்குகள் இங்கிருந்தே குழம்பத் தொடங்குகின்றன.

மூணாறுக்குப் போகும் எங்கள் பேருந்து அந்த ஜீப்புகளின் பின்னாலேயே ஏறியது. பூப்பாறைவரை ஏலக்காய் மணம். பெரியகானல் வந்ததும் பச்சையின் நிறம் மாறிவிடுகிறது. சீப்பால் வாரிவிட்டதுபோலத் தேயிலை. அதன் பிறகு கேப் ரோடு. மலையின் விலாவைச் செதுக்கிப் போட்ட இந்தச் சாலை கொச்சி-தனுஷ்கோடி தேசிய நெடுஞ்சாலையின் ஒரு பகுதி. அகலப்படுத்தும் வேலை நடந்தபோது 2019இலும் 2020இலும் பாறைகள் சரிந்து கீழே உருண்டன. ஜன்னலோரப் பயணிகள் மேகத்தைப் படம் பிடிக்கிறார்கள். எனக்கு அடுத்த இருக்கையில் இருந்தவள் மட்டும் மலை வெட்டப்பட்ட முகத்தைப் படம் பிடித்துக்கொண்டிருந்தாள்.

நண்பரின் மகள். சென்னையில் நகரத் திட்டமிடலில் முதுநிலைப் பட்டம் படிக்கிறாள். ஆய்வுக்கு ஓர் ஊரைத் தேர்ந்தெடுக்க வேண்டும். திருப்பூர், ஓசூர், ஸ்ரீபெரும்புதூர் என்று ஒரு பட்டியல் வைத்திருந்தாள். நான் மூணாறைச் சொன்னேன்.

"மூணாறா? அது கிராமப் பஞ்சாயத்து மாமா. நகராட்சிகூடக் கிடையாது. அங்கே திட்டமிட என்ன இருக்கிறது?"

நியாயமான கேள்வி. அதற்கு விடை தேடித்தான் இந்தப் பயணம்.

நகரத் திட்டமிடல் நம் வீடுகளில் இன்னும் சரியாக விளங்காத படிப்பு. "சிவிலா, ஆர்க்கிடெக்ட்டா?" என்று கேட்டுவிட்டு, இரண்டும் இல்லை என்றதும் உறவினர்கள் பேச்சை மாற்றிவிடுவார்கள். எந்த நிலத்தில் வீடு, எதில் கடை, எதில் ஆலை, தண்ணீர் எங்கிருந்து, சாக்கடை எங்கே, இருபது வருடத்தில் எத்தனை பேர், அவர்கள் எப்படிப் போய் வருவார்கள் என்று கணக்குப் போடும் படிப்பு அது. பொருளாதாரம், சட்டம், சமூகவியல், போக்குவரத்து எல்லாவற்றிலும் கொஞ்சம் கொஞ்சம். தில்லியில் 1955இல் இதற்கென ஒரு பள்ளி வந்தது. ஆமதாபாத்தில் 1972இல். அண்ணா பல்கலைக்கழகத்திலும் கோழிக்கோடு என்.ஐ.டி.யிலும் கற்பிக்கிறார்கள்.

ஆனால் இந்தப் படிப்பு நம்மிடம் வந்த கதை இவற்றுக்கெல்லாம் முந்தியது. அதில் எம்டனும் வருகிறது. ஸ்காட்லாந்துக்காரரான பாட்ரிக் கெடஸ், உலகத்து நகரங்களின் வரைபடங்களையும் மாதிரிகளையும் திரட்டி ஒரு கண்காட்சியாக்கி 1914இல் இந்தியாவுக்கு அனுப்பினார். அதைச் சுமந்துவந்த கப்பலை, சென்னையில் குண்டு போட்டுவிட்டுப் போன அதே எம்டன் சில வாரங்களில் கடலில் மூழ்கடித்துவிட்டது. மனிதர் அசரவில்லை. நண்பர்கள் அவசரமாகத் திரட்டி அனுப்பிய புதிய படங்களைக் கொண்டு 1915 ஜனவரியில் சென்னையில் கண்காட்சியை நடத்தியே தீர்த்தார். பிறகு சென்னை மாகாணத்து ஊர்களைச் சுற்றி அறிக்கைகள் எழுதினார். தென்னாட்டுக் கோயில் நகரங்கள் அவரை மிகவும் கவர்ந்தன. 1919இல் பம்பாய்ப் பல்கலைக்கழகத்தில் சமூகவியல், குடிமையியல் துறையின் முதல் பேராசிரியரானார்.

அவருடைய முறை எளிது: முதலில் நட, பார், கேள், அப்புறம் வரை. இந்தூரில் தெருக்களைச் சுத்தமாக்க தீபாவளி ஊர்வலத்தையே பயன்படுத்திக்கொண்டவர் அவர். எந்தத் தெரு சுத்தமோ அந்தத் தெரு வழியாக ஊர்வலம் வரும் என்று அறிவித்தால் போதாதா? நம் ஜனங்களை அவருக்குப் புரிந்திருந்தது.

எல்லா நாட்டுத் திட்டமிடல் மாணவர்களும் முதல் ஆண்டில் பார்க்கும் படம் ஒன்று அவர் பெயரில் இருக்கிறது. மலை உச்சியிலிருந்து கடல்வரை ஒரு பள்ளத்தாக்கின் குறுக்குவெட்டு. மேலே வேடர், மரம் வெட்டுவோர். நடுவில் ஆயர், உழவர். கீழே தோட்டக்காரர், மீனவர். ஆற்றோடு ஒழுகிவரும் மனித வாழ்க்கை. ஒரு நகரத்தை அறிய வேண்டுமானால் அதன் பள்ளத்தாக்கு முழுவதையும் அறிய வேண்டும் என்பது அவர் கட்சி.

அந்தப் படத்துக்கு மூணாறைவிடப் பொருத்தமான இடம் தென்னாட்டில் எனக்குத் தெரிந்து இல்லை. தலைக்கு மேல் 2,695 மீட்டர் உயர ஆனைமுடி. மதுரையிலிருந்து முதுகில் சுமை சுமந்து வந்ததாகச் சொல்லிக்கொள்ளும் முதுவர்கள் காட்டில். அதன் கீழே தேயிலை, ஏலம், ரப்பர், நெல். மூன்று ஆறுகள் கூடும் இடத்தில் ஊர். முதிரப்புழை கீழே இறங்கிப் பெரியாற்றில் கலக்கிறது. பெரியாறு கொச்சிப் பக்கம் கடலைத் தொடுகிறது. கெடஸின் படத்தில் இல்லாத ஒரு பாத்திரம்தான் இங்கே அதிகப்படி: கம்பெனி.

நம் ஊர்களெல்லாம் ஏதோ ஒன்றைச் சுற்றி வளர்ந்தவை. கோயில், கோட்டை, சந்தை, துறைமுகம், ரயில் ஜங்ஷன். மூணாறு ஒரு குத்தகைப் பத்திரத்தைச் சுற்றி வளர்ந்தது. 1877இல் ஜான் டேனியல் மன்றோ என்ற ஆங்கிலேயர், பூஞ்ஞாறு அரசரிடமிருந்து கண்ணன் தேவன் மலைகளைக் குத்தகைக்கு எழுதி வாங்கினார். சுமார் 1.37 லட்சம் ஏக்கர். ஆண்டுக் குத்தகை 3,000 ரூபாய். இன்று சீசனில் இரண்டு பேர் ஓர் இரவு தங்க அதைவிட அதிகம் கேட்கிறார்கள். காப்பி, சின்கோனா என்று எதையெதையோ நட்டுப் பார்த்துவிட்டுத் தேயிலையில் நிலைத்தார்கள். 1897இல் கண்ணன் தேவன் ஹில்ஸ் புரொட்யூஸ் கம்பெனி பிறந்தது. கங்காணிகள் திருநெல்வேலி, மதுரை, ராமநாதபுரம் கிராமங்களுக்குப் போய் முன்பணம் கொடுத்துக் குடும்பம் குடும்பமாக ஆளைக் கூட்டிவந்தார்கள். பஞ்சம் அவர்களுக்கு உதவியது.

கம்பெனி திட்டமிடாமல் எதையும் செய்யவில்லை என்பதைச் சொல்லிவிட வேண்டும். 1902இல் மாடுகள் இழுக்கும் ஒற்றைத் தண்டவாளம். 1908இல் அதன் இடத்தில் நீராவி எஞ்சின் ஓடும் குறுகிய ரயில் பாதை. தேயிலைப் பெட்டிகள் குண்டளைப் பள்ளத்தாக்கு வழியாக டாப் ஸ்டேஷன் போகும், அங்கிருந்து கம்பி வழியாகக் கீழே கொட்டகுடிக்கு இறங்கும், பிறகு போடி. கேரளத்தின் மலைத் தேயிலை முதலில் தமிழ்நாட்டுப் பக்கம் இறங்கித்தான் உலகம் சுற்றியது. மருத்துவமனை, தந்தி, மின்சாரம், கிளப் எல்லாம் வந்தன. அடுப்பெரிக்க யூக்கலிப்டஸ் காடு தனியே, தேயிலை தனியே, சோலைக்காடு தனியே என்று நிலம் பிரிக்கப்பட்டது. இங்கே இங்கிலாந்துத் திருச்சபையின் கோயில் எழுவதற்குப் பல ஆண்டுகள் முன்பே அதன் கல்லறைத் தோட்டம் தொடங்கிவிட்டது. 1894இல் கணவருடன் வந்த சில நாட்களிலேயே காலராவில் இறந்துபோன ஓர் இளம் ஆங்கிலப் பெண்ணின் சமாதி அங்கே முதலாவது.

எஸ்டேட்டுகளில் நடந்தால் பாடப் புத்தகத்தில் இல்லாத ஒரு மண்டலப் பிரிவு கண்ணில் படும். மானேஜர் பங்களா மேட்டில், நல்ல காற்றோட்டமும் காட்சியும் உள்ள இடத்தில். அலுவலர் குடியிருப்பு அதற்குக் கொஞ்சம் கீழே. தொழிலாளர் லயங்கள் பெரும்பாலும் பள்ளத்தில், ஓடையை ஒட்டி. தண்ணீர் எடுக்க வசதி, தேயிலை ஏறாத நிலமும் வீணாகாது. லயம் என்பது நீளமான ஒரே கூரையின் கீழ் வரிசையாக வீடுகள்: ஓர் அறை, ஒரு சமையலறை, முன்னால் ஒட்டுத் திண்ணை. பதவிக்கேற்ற உயரம். இந்த உயரக் கணக்குக்கு நூறு வருடம் கழித்து என்ன விலை கொடுக்க நேர்ந்தது என்பதற்குப் பின்னால் வருகிறேன்.

மலை தன் பாடத்தை 1924இலேயே நடத்திவிட்டது. கொல்லம் ஆண்டு 1099 என்பதால் மலையாளிகள் அதைத் தொண்ணூற்றொன்பதின் வெள்ளம் என்கிறார்கள். அந்த ஜூலை மழையில் ரயில் பாதை போனது, பாலங்கள் போயின, ஊரே போனது. ஆலுவாயிலிருந்து பூயங்குட்டி, மாங்குளம் வழியாக வந்த பழைய சாலை மலைச்சரிவில் சிதைந்தது. பிறகு நேரியமங்கலம் வழியாகப் புதிதாகப் போட்டார்கள். ரயில் மீண்டும் வரவேயில்லை. இன்று மூணாறில் ரயில் ஓடியது என்று சொன்னால் சுற்றுலாப் பயணிகள் சிரிக்கிறார்கள்.

"அப்போ ஊரை எங்கே திரும்பக் கட்டினார்கள்?" என்று கேட்டாள் மாணவி.

பாலத்தின் மேல் நின்றுகொண்டிருந்தோம். ஒரு மேட்டில் முருகன் கோயில், இன்னொன்றில் மாதா கோயில், மற்றொன்றில் பள்ளிவாசல். மூன்றும் வெள்ளத்துக்கு எட்டாத உயரத்தில். கடைவீதி மட்டும் கீழே, ஆற்றின் ஓரத்திலேயே. நான் பதில் சொல்லவில்லை. அவள் நோட்டில் எழுதிக்கொண்டாள்.

கடைவீதியில் தமிழ்தான் தூக்கல். டீக்கடையில் மலையாளத்தில் கேட்டால் தமிழில் பதில், தமிழில் கேட்டால் "எந்த ஊரு?" என்று கூடுதலாக ஒரு கேள்வி. 1956இல் மாநில எல்லைகள் வகுக்கப்பட்டபோது தேவிகுளமும் பீர்மேடும் யாருக்கு என்று பெரிய போராட்டமே நடந்தது. தமிழர் பெரும்பான்மை என்பது ஒரு வாதம். நிலையாகத் தங்காமல் வந்து போகும் தொழிலாளர் என்பது எதிர்வாதம். தாலுகாக்கள் கேரளத்தோடு நின்றன. 1958இல் தேவிகுளத்தில் இடைத்தேர்தல். கம்யூனிஸ்ட் வேட்பாளர் ரோசம்மா புன்னூஸுக்காகப் பண்ணைபுரத்துப் பாவலர் வரதராஜன் இந்த மலைகளில் ஹார்மோனியத்தோடு ஏறி இறங்கினார். அவர் தம்பியை இன்று உலகம் இளையராஜா என்று அறியும். இவ்வளவு அரசியல் நடந்தும் "வந்து போகும் தொழிலாளர்" என்ற அந்தச் சொல் மட்டும் லயங்களைவிட்டுப் போகவில்லை. நான்கு, ஐந்து தலைமுறை ஆன பிறகும்.

நில விவகாரத்தைச் சுருக்கமாகச் சொல்வது கடினம். முயல்கிறேன். 1971இல் கேரள அரசு தனிச் சட்டம் போட்டு கண்ணன் தேவன் மலை நிலங்களை மீட்டுக்கொண்டது. 1974இல் நில வாரியம் கணக்குப் பார்த்து, தேயிலைக்கும் அதற்குத் தேவையான காரியங்களுக்கும் சுமார் 57,000 ஏக்கரைக் கம்பெனியிடம் விட்டது. சுமார் 70,000 ஏக்கர் அரசுக்கு. காகிதத்தில் சுத்தமான கணக்கு. மலையில் எல்லைக் கல் எங்கே என்பது வேறு கதை. கம்பெனி ஃபின்லேயிடமிருந்து டாடாவுக்கும், 2005இல் தொழிலாளரும் பங்குதாரராக இருக்கும் புதிய நிறுவனத்துக்கும் கை மாறியது.

இதற்கிடையே சுற்றுலா வந்தது. அரசு நிலம் காலியாகக் கிடப்பதாக எல்லோருக்கும் தோன்றியது. இங்கே பட்டாவைப் பட்டயம் என்பார்கள். 1999இல் தேவிகுளம் தாலுகாவில் துணைத் தாசில்தார் ஒருவர் 530 பட்டயங்களை வழங்கினார். அவருக்கு அந்த அதிகாரம் இல்லை என்று சர்ச்சை கிளம்பி, 22 ஆண்டுகள் இழுத்து, 2022 ஜனவரியில் அவற்றை ரத்து செய்ய அரசு உத்தரவிட்டது. அதற்குள் அந்தக் காகிதங்களின் மேல் வீடும் எழுந்திருந்தது, விடுதியும் எழுந்திருந்தது. கஷ்டப்பட்டு ஐந்து சென்ட் வாங்கியவரும், மலையையே வளைத்தவரும் ஒரே பட்டியலில்.

2007 மே மாதம் முதல்வர் அச்சுதானந்தன் மூன்று அதிகாரிகளைக் கொண்ட தனிக் குழுவை அனுப்பினார். விடுதிகள் மீது ஜே.சி.பி. பாய்ந்தபோது கேரளம் முழுவதும் தொலைக்காட்சி முன் உட்கார்ந்திருந்தது. ஆளும் கூட்டணியைச் சேர்ந்த கட்சியின் அலுவலகத்தின் மீதும் அது கை வைத்ததும் ஆரவாரம் அடங்கியது, குழுவும் அடங்கியது. 2014இல் உயர் நீதிமன்றம் சில விடுதிகளை இடித்தது செல்லாது என்று தீர்ப்பளித்தது. கிராமப் பஞ்சாயத்துகள் எல்லாவற்றுக்கும் கேரளக் கட்டட விதிகள் விரிவாக்கப்பட்டதே அந்த 2007இல்தான் என்பதை மாணவி கண்டுபிடித்துச் சொன்னாள். அதாவது, மாடி மேல் மாடி எழும்பிக்கொண்டிருந்த காலத்தில் அளவுகோல் வேறெங்கோ இருந்தது.

2010இல் உயர் நீதிமன்றம் தலையிட்டபின், மூணாறில் கட்ட வேண்டுமானால் வருவாய்த் துறையின் தடையின்மைச் சான்று வேண்டும் என்றானது. நல்ல ஏற்பாடுதான். ஆனால் 2019 பிப்ரவரியில் அந்தச் சான்று இல்லாமல் முதிரப்புழை ஓரத்தில் கடைக் கட்டடம் எழுப்பிக்கொண்டிருந்தது யார் தெரியுமா? மூணாறு பஞ்சாயத்தே. தேவிகுளம் சப்-கலெக்டர் ரேணு ராஜ் வேலையை நிறுத்தச் சொன்னார். தொகுதி எம்.எல்.ஏ. அவரைப் பற்றிப் பொது இடத்தில் தரக்குறைவாகப் பேசி, பிறகு வருத்தம் தெரிவிக்க வேண்டியதாயிற்று. அனுமதி கொடுக்க வேண்டிய அமைப்பே அனுமதியில்லாமல் கட்டினால் வரைபடத்தில் அதை என்ன நிறத்தில் காட்டுவது?

இதற்கு முந்தைய ஆண்டுதான், 2018 ஆகஸ்டில், மழை மூணாறைத் துண்டித்துப் போட்டது. சாலைகள் சரிந்தன. தேவிகுளம் பாதையில் மலையை ஒட்டி நின்ற அரசுக் கல்லூரிக் கட்டடம் நிலச்சரிவில் சிதைந்தது. அந்த ஆண்டுதான் குறிஞ்சியும் பூத்தது. பார்க்க வந்தவர்கள் குறைவு. அடுத்து 2030.

விடுதிகளைப் பற்றிப் பேசும்போது எல்லோருக்கும் ஆவேசம் வருகிறது. பத்திரிகைகளும் அதைத்தான் எழுதுகின்றன. நானும் இதுவரை அதைத்தான் எழுதிக்கொண்டிருக்கிறேன். ஆனால் மூணாறின் பெரிய வீட்டுப் பிரச்சினை மலை உச்சி விடுதிகளில் இல்லை, கீழே லயங்களில் இருக்கிறது.

1951ஆம் ஆண்டுத் தோட்டத் தொழிலாளர் சட்டம், தொழிலாளிக்கு வீடு தருவதை முதலாளியின் கடமையாக்கியது. அந்தக் காலத்துக்கு அது பெரிய வெற்றி. ஆனால் வீடு வேலையோடு கட்டிப்போடப்பட்டது. வேலை முடிந்தால் வீடும் முடிந்தது. மகனோ மகளோ மருமகளோ அதே தோட்டத்தில் சேர்ந்தால் கூரை தங்கும். இல்லாவிட்டால், பிறந்து வளர்ந்து, மணமுடித்து, பெற்றோரைப் புதைத்த இடத்தைவிட்டு வெளியேற வேண்டும். எங்கே? பூர்வீகம் என்று சொல்லப்படும், பார்த்தே இராத ஏதோ ஒரு ஊருக்கு. இப்படி எழுதினால் இது தொழிலாளர் நலப் பிரச்சினையாகத் தெரியும். வீட்டு வசதி, நில உபயோகம், மக்கள்தொகைக் கணிப்பு எல்லாம் இதற்குள்தான் இருக்கின்றன. பணியிலிருந்து ஓய்வு பெறும் ஒவ்வொருவருக்கும் ஒரு வீடு தேவை என்பதை எந்தத் திட்ட வரைபடமும் கணக்கில் எடுத்ததில்லை என்றால், அந்தத் தேவை தானாகவே புறம்போக்கில் போய் ஒண்டும்.

2015 செப்டம்பரில் இந்தப் பெண்கள் ஊரையே நிறுத்தினார்கள். 20 சதவீத போனஸ் கேட்டு, தொழிற்சங்கத் தலைவர்களைப் பக்கத்தில் வரவிடாமல், ஆயிரக்கணக்கில் சாலையில் உட்கார்ந்தார்கள். பெண்பிளை ஒருமை என்று அதற்குப் பெயர் வந்தது. ஒன்பது நாளில் போனஸ் கிடைத்தது. அவர்கள் போட்ட கோஷங்களில் சம்பளம் இருந்தது, தலைவர்களின் பங்களாக்கள் இருந்தன, தங்கள் ஒற்றை அறை லயமும் இருந்தது. போனஸைத் தந்தார்கள்; அறை அப்படியே இருந்தது.

பெட்டிமுடிக்குப் போக ராஜமலையைத் தாண்ட வேண்டும். வரையாடு பார்க்க வரும் கூட்டம் ராஜமலையோடு நின்றுவிடும். அதன் பின் சாலையில் ஆளில்லை. இடமலைக்குடி முதுவர்களின் ஊருக்குப் போகும் வாசல் பெட்டிமுடி. 2020 ஆகஸ்ட் 6. அன்று ஒரே நாளில் 600 மில்லிமீட்டருக்கு மேல் மழை. இரவு பத்தரை மணிக்கு மேல், மேலே காட்டுச் சரிவில் உடைந்த மண்ணும் பாறையும் ஓடையைப் பிடித்துக்கொண்டு இறங்கின. ஓடைப் பக்கம் நான்கு லயங்கள். தூங்கிக்கொண்டிருந்த 70 பேர் போனார்கள். நான்கு பேரின் உடல் கிடைக்கவேயில்லை. மின்சாரம் இல்லை, செல்பேசி வேலை செய்யவில்லை. வெளியுலகத்துக்குச் செய்தி வந்தது மறுநாள் காலையில். இறந்தவர்களில் பெரும்பாலோர் தமிழர்கள். பலருடைய பூர்வீகம் தூத்துக்குடி மாவட்டத்துக் கயத்தாறு. கயத்தாற்றிலிருந்து உறவினர்கள் இ-பாஸுக்கு அலைந்து, கொரோனா கெடுபிடிகளைத் தாண்டி வந்து சேர்வதற்குள் அடக்கமே முடிந்துவிட்டது சிலருக்கு.

இயற்கைச் சீற்றம் என்று எழுதி முடித்துவிடலாம். அவ்வளவு மழைக்கு எந்த மலை தாங்கும்? ஆனால் பக்கத்திலேயே மேட்டில் நிற்கிற தேயிலைக்கும் அன்று அதே மழைதான் பெய்தது. ஓடையை ஒட்டிப் படுத்திருந்தவர்கள் மட்டும் போனார்கள். அந்த ஓடையோரத்தை அவர்களுக்கு ஒதுக்கியது, இன்று உயிரோடு இல்லாத யாரோ ஒரு துரை போட்ட கோடு. அதற்குப் பின் வந்த எந்த அரசும் எந்தக் கம்பெனியும் அந்தக் கோட்டை அழித்து வேறு கோடு போடவில்லை. பிழைத்த எட்டுக் குடும்பங்களுக்குக் குட்டியாறு பள்ளத்தாக்கில் அரசு நிலம் கொடுத்தது, கம்பெனி வீடு கட்டிக் கொடுத்தது. சொந்த நிலம், சொந்தப் பெயரில். அதற்குக் கொடுத்த விலை ஊருக்கே தெரியும்.

மாணவி அங்கே அதிகம் பேசவில்லை. திரும்பும் வழியில்தான் கேட்டாள்: "மாமா, எங்களுக்கு மண்டல வரைபடத்தில் குடியிருப்பு மஞ்சள், வணிகம் நீலம், தோட்டம் பச்சை. நான் கொண்டுவந்த படத்தில் இந்த எஸ்டேட் முழுக்கப் பச்சை. ஒரு மஞ்சள் புள்ளிகூட இல்லை. இத்தனை பேர் எங்கே குடியிருக்கிறார்கள் என்று படம் பார்க்கிறவருக்கு எப்படித் தெரியும்?"

மறுநாள் இன்னொரு எஸ்டேட்டில் ஒரு லயத்துக்குப் போனோம். பெயர் வேண்டாம். திண்ணையில் ரோஜாத் தொட்டிகள், கூரையில் டிஷ் ஆன்டெனா, உள்ளே வேளாங்கண்ணி மாதாவும் குலதெய்வமும் அக்கம்பக்கமாக. கறுப்புத் தேநீர் வந்தது. கொழுந்து கிள்ளிக் கிள்ளிக் கட்டைவிரல் கறுத்த அந்த அம்மாளுக்கு அடுத்த வருடம் ஓய்வு. மகன் ஜீப் ஓட்டுகிறான். மருமகள் தோட்டத்தில் தற்காலிகத் தொழிலாளி.

"ரிட்டயர்டு ஆனப்புறம் எங்கே இருப்பீங்க அம்மா?"

"அவளுக்கு நிரந்தரம் ஆயிட்டா இங்கனதான், தாயி. ஆகலேன்னா கயத்தாத்துப் பக்கம் ரெண்டு சென்ட் வாங்கிப் போட்டிருக்கேன். பி.எஃப். பணம் வந்தா ஒரு ரூம் எடுக்கணும். ஆனா அந்த வெயிலு எனக்கு ஒத்துக்கிடாது. பத்து நாள் போயி இருந்தேன், காய்ச்சல் வந்திருச்சு."

"அங்கே சொந்தக்காரங்க இருக்காங்களா?"

"இருக்காக. அவுக எங்கள மூணாத்துக்காரிங்கறாக. இங்க ஆபீஸ்ல பாண்டிக்காரிங்கறாக." சிரித்தார். கோபம் எதுவும் தெரியவில்லை. பல நாள் சொல்லித் தேய்ந்த வாக்கியம்போல இருந்தது.

மாணவி ரேஷன் கார்டைப் பார்க்கக் கேட்டாள். முகவரி இருக்க வேண்டிய இடத்தில் எஸ்டேட் பெயர், டிவிஷன், லயத்தின் எண். தெரு இல்லை. அதை நோட்டில் எழுதிக்கொண்டு, சமையலறை வழியாகப் பின்பக்கம் போனாள். பத்துப் பதினைந்து அடி சரிவு, அதன் பின் கோரைப்புல், அப்பால் ஓர் ஓடை. அன்று அதில் கணுக்கால் நனையும் அளவுக்குத்தான் தண்ணீர். மேலே பார்த்தால் தேயிலை, அதற்கும் மேலே யூக்கலிப்டஸ், அதற்கும் மேலே பாறை.

"மழைக் காலத்துல தண்ணி எது வரைக்கும் வரும்மா?"

"சாதாரணமா அந்தக் கொய்யா மரத்து வேரு வரைக்கும். அந்த வருசம் மட்டும் மரத்துக்கு இங்கிட்டு வந்துச்சு. நாங்கள்லாம் ராத்திரியே ஸ்கூலுக்கு ஓடிட்டோம்."

பையிலிருந்து அளவு நாடாவை எடுத்தாள். ஒரு முனையை அந்த அம்மாள் சமையலறைச் சுவரோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டார். மறுமுனையை இழுத்துக்கொண்டு மாணவி கொய்யா மரத்துக்கு நடந்தாள். ஒன்பது மீட்டர், நாற்பது சென்டிமீட்டர். நோட்டில் குறித்துக்கொண்டு, அடுத்த வீட்டுக் கதவைத் தட்டினாள். அந்த வரிசையில் இன்னும் ஏழு வீடுகள் இருந்தன.